பன்னிரண்டாம் உறுப்புரையும் நான் எழுதிய நான்கு வரிகளும்

நான்கே வரிச் செய்தி அது. 1990களின் பிற்பகுதியில், கல்முனைப் பிராந்தியத்திலிருந்து நான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் கரையோரத்து ஊரொன்றின் பஸ் தரிப்பிடத்தில், சேலை உடுத்திருந்த ஒருவரைப் பொலிஸார் பிடித்துச் சென்றனர். "பெண் வேடமிட்ட ஆண் கைது" என்று தலைப்பிட்டு, தகப்பனின் பெயரையும் வீதியின் பெயரையும் சேர்த்து, அன்று மாலையே தொலைநகலில் கொழும்புக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் அது உட்பக்கமொன்றில் கட்டம் கட்டி வெளிவந்தது. தேநீர்க்கடையில் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

சில நாட்களின் பின் ஒரு தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தார். முக்காட்டை இழுத்துப் பாதி முகத்தை மூடியிருந்தார்.

"தம்பி, எண்ட புள்ள களவெடுக்கல்ல, ஆருக்கும் ஒரு கெடுதியும் செய்யல்ல. வாப்பாட பேரையும் ஏன் போட்டீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு மாதம் செல்லுமுன் அந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

அந்தத் தாயின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடத் தொடங்கியது அதற்கு வெகுகாலத்தின் பின்னர்தான். சேலை உடுப்பதைக் குற்றமென்று சொல்லும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. ஆனால் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் என்றொரு பிரிவு, 399ஆம் இலக்கத்தில் இருக்கிறது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. திருநங்கைகளைப் பிடிப்பதற்குப் பொலிஸார் கையில் எடுப்பவை பெரும்பாலும் இவையே. எவரையும் ஏமாற்றாத ஒருவர், தம்மைத் தாமாகக் காட்டிக்கொண்டமைக்காக ஆள்மாறாட்டக்காரர் ஆகிவிடுகிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இருக்கிறது. சட்டத்தின் முன் யாவரும் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு யாவரும் உரித்துடையவர் என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றின் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்றும் சொல்கிறது. அந்த வரிசையில் "மதம்" என்ற சொல்லின் பெறுமதியை எங்கள் மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2020இல் கொரோனாவால் மரணித்தோரின் ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டுமென அரசு பிடிவாதம் பிடித்தபோது, இந்த உறுப்புரையையும் முன்வைத்துத்தான் உயர் நீதிமன்றம் சென்றோம். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி, காரணம் கூறப்படாமலே மனுக்கள் தள்ளுபடியாயின. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கும்வரை நாம் பட்ட வேதனை கொஞ்சமல்ல. அதற்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்தான்.

அதே வரிசையில், "மதம்" என்ற சொல்லுக்குச் சற்றுத் தள்ளி, "பால்" என்ற சொல்லும் இருக்கிறது. அதற்குள் யார் யார் அடங்குவர் என்பதே இன்று உலகெங்கும் நடக்கும் வழக்கு. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் திகதித் தீர்ப்பில், தன் அரசியலமைப்பிலுள்ள அச்சொல் ஒருவர் தம்மை உணரும் பாலினத்தையும் உள்ளடக்கும் என்றது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தின் "மணமகள்" என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் எனக் கூறி, தூத்துக்குடியில் நடந்த திருமணமொன்றைப் பதிவு செய்யப் பணித்தது. எதிர்த்திசையிலும் தீர்ப்புகள் உண்டு. சமத்துவச் சட்டத்தில் அச்சொல் பிறப்பால் அமைந்த பாலையே குறிக்கும் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 12ஆம் உறுப்புரை பாலின அடையாளத்துக்கும் பாதுகாப்பளிக்கிறது என்று 2014இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் முன் அரசு சொன்னது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையொன்று பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி திறந்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும், பின்னர் அடையாள அட்டையையும் திருத்திக்கொள்ளலாம். ஆயினும் 2024இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது, மூன்றிலிரண்டு பெரும்பான்மை இல்லாமல் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஜெனீவாவில் ஒரு பேச்சு, மருத்துவமனையில் ஒரு சுற்றறிக்கை, பஸ் தரிப்பிடத்தில் 1841ஆம் ஆண்டுச் சட்டம் என்பதே நம் நிலை.

"இது மார்க்கத்துக்கு முரணல்லவா?" என்று எம்மவர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆணைப் போல் பெண்ணும் பெண்ணைப் போல் ஆணும் நடப்பதைக் கண்டிக்கும் ஹதீஸ்களை நானும் அறிவேன். ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாமல் பிறக்கும் "குன்ஸா"வுக்குச் சொத்துரிமையில் பங்கு வகுத்த பழைய பிக்ஹு நூல்களையும் அறிவேன். திருநங்கையும் குன்ஸாவும் ஒன்றல்லர் என்பதும் தெரியும். பாகிஸ்தான் 2018இல் திருநர் உரிமைச் சட்டம் இயற்றியது. 2023 மே மாதம் அந்நாட்டின் கூட்டாட்சி ஷரீஆ நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை நிராகரித்தது. அந்த விவாதத்தை உலமாக்கள் நடத்தட்டும். நான் கேட்பது அதைவிடச் சிறியது. தெருவில் நின்ற ஒருவரைப் பொலிஸ் பிடிக்கலாமா? மருத்துவமனை வரிசையிலிருந்து அவரை விரட்டலாமா? வேலை மறுக்கலாமா? இவற்றுக்கு "ஆம்" என்று சொல்ல எந்த மார்க்கமும் எமக்குக் கற்பிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தைக் காப்பாற்றுவது அதுவே. பெண்ணொருவர் காழியாக வர இடமளிக்காத 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைக் காப்பாற்றுவதும் அதுவே. காழி நீதிமன்ற வாசலில் குழந்தையோடு காத்திருக்கும் எங்கள் பெண்பிள்ளையும், பஸ் தரிப்பிடத்தில் பிடிபட்ட அந்தப் பிள்ளையும் ஒரே பூட்டுக்கு முன்தான் நிற்கிறார்கள். எமது ஜனாஸாவுக்காக ஓர் உறுப்புரையைக் கையில் ஏந்திக்கொண்டு போனவர்கள், அதே உறுப்புரையை மற்றவர் தொடக்கூடாது என்பது எந்த வகை நீதி?

பத்திரிகையில் ஒரு பிழை நேர்ந்தால் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். ஊரின் பெயர் தவறினாலும் போட்டிருக்கிறோம். அந்த நான்கு வரிகளுக்கு மட்டும் நான் திருத்தம் போடவில்லை. காலம் கடந்தாவது இங்கே போட்டுவிடுகிறேன்: அன்று பிடிபட்டவர் வேடமிட்டிருக்கவில்லை. பெயர் போட்டது என் பிழை.