கொடுத்ததும் சேர்ந்ததும்

குடைமிளகாயின் அடிநுனி கறுத்து, தோல் காகிதம்போல் சுருங்கிக் கிடக்கும். மாடியில் பசுமைக்குடில் போட்டு, மண்ணில்லாமல் தண்ணீரில் உரம் கரைத்துச் செடி வளர்க்கிறவர்கள் கோடையில் இதற்குத் தப்புவது அபூர்வம். நுனி அழுகல் என்று பெயர். புத்தகத்தைத் திறந்தால் கால்சியம் பற்றாக்குறை என்று போட்டிருக்கும். உடனே கை உர டப்பாவுக்குப் போகும்.

கோவையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், ஐ.டி. வேலை, மாடியில் பக்கெட் பக்கெட்டாகக் குடைமிளகாய் வைத்திருக்கிறான். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு, சொட்டுக் குழாய், டைமர், கரைசலில் உரம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ஈ.சி. மீட்டர் எல்லாம் உண்டு. சித்திரை வெயிலில் காய் கறுத்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"ஐயா, கால்சியம் நைட்ரேட் இன்னுங் கொஞ்சம் சேர்த்துடட்டுங்களா?"

"இரு தம்பி. முதல்ல மீட்டரை முக்கிப் பாரு."

ஈ.சி. 3-ஐத் தாண்டி நின்றது. குடைமிளகாய்க்கு 2 முதல் 2.5 வரை போதும். இந்த வெயிலுக்கு அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும் குற்றமில்லை. தொட்டியில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. காய்க்குத்தான் போய்ச் சேரவில்லை.

கால்சியம் வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஏறி, அந்தத் தண்ணீர் போகிற இடத்துக்குத்தான் போகும். தண்ணீரை மேலே இழுப்பது இலை. வெயிலில் இலை ஆவியாக விடும் நீர் அதிகம். மெழுகுத் தோல் போர்த்திய காய் விடுவது சொற்பம். எனவே வந்ததில் பெரும்பங்கை இலையே வாங்கிக்கொள்ளும். இலையில் தங்கிய பொட்டாசியமாவது தேவைப்பட்டால் வேறு பக்கம் நகரும். கால்சியம் போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் கரைசல் கெட்டியாகி, வேர் தண்ணீரை இழுக்கவே திணறும். நல்லது செய்யப்போய்க் காயை இன்னும் பட்டினி போடுகிறோம்.

வயதாக ஆக இது எனக்குச் செடிக்கணக்காக மட்டும் தெரிவதில்லை. "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று நாங்கள் பெரியவர்கள் கேட்கிறோம். பள்ளிக்கூடக் கட்டணம், டியூஷன், வண்டி, ஒன்றையும் விடவில்லை. எல்லாம் தொட்டிக் கணக்கு. பிள்ளை முகம் வாடியிருந்தால் இன்னொரு டியூஷன் சேர்க்கிறோம். இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அடம்பிடிக்கிற பிள்ளை கேட்டு வாங்கிக்கொள்ளும். சத்தம் போடாத ஒன்று இருக்குமே, அதற்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று எந்த வீட்டில் பார்த்தார்கள்?

பையனிடம் சொன்னது இவ்வளவுதான். வெறும் தண்ணீர் விட்டுக் கரைசலை இளக்கு. உச்சி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விடு. மேலே நிழல்வலை கட்டு, உள்ளே காற்று அடைந்து கிடக்க விடாதே. ராத்திரி இலை ஓய்ந்தபின் வேரின் அழுத்தத்தால் மெதுவாக ஏறும் நீரில்தான் காய்க்கு நல்ல பங்கு கிடைக்கும். அதனால் பொழுது சாயும்போது நார் காய்ந்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் மறுபடி வந்தான். "இன்னும் கறுப்பாத்தானுங்க இருக்குது." கறுத்தது மறுபடி பச்சையாகாது. இன்று கண்ணில் படுகிற கறுப்பு, காய் சின்னப் பிஞ்சாக இருந்தபோதே விழுந்த குறை. அன்றைய வெயிலை இன்று போய்த் தணிக்க முடியாது. அந்தக் காய்களைப் பறித்துவிட்டால் செடிக்குச் சுமை குறையும். பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால் கறுப்பை நறுக்கிவிட்டு மீதியைக் குருமாவில் போடலாம் என்றேன். செய்தது சரியா என்பதை இனிமேல் வரும் பிஞ்சுகள்தான் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை உர டப்பாவைத் திறக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.