எலிக்குட்டி இல்லாத பொட்டி

பகல் முழுக்க ஓ.எம்.ஆரில் பொட்டி தட்டிட்டு மயிலாப்பூர் திரும்புறவனுக்கு வீட்டிலும் எதுக்குடா இன்னொரு பொட்டின்னு கேட்காதீங்க. எழுதத்தான். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு பத்தி எழுதறதுக்குள்ள பத்து தடவை ஏதாவது ஒண்ணு டிங்குன்னு கூப்பிடுது. அதனால ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி, 2007 வாக்கில் வந்த திங்க்பேட் எக்ஸ்61 ஒண்ணை வாங்கினேன். டெபியன் நிறுவும்போது டெஸ்க்டாப் வேணுமான்னு கேட்கிற இடத்தில் டிக்கை எடுத்தாச்சு. ஐகான் கிடையாது, ஜன்னல் கிடையாது. கருப்புத் திரை, ஒரு கர்சர், விம். 2 ஜிபி ராமில் முக்கால்வாசி சும்மா கிடக்கு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, மாம்பலம் ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்ட்டர் மாதிரி இருக்கே?"

கிண்டல்தான். ஆனா எனக்கு அது பாராட்டு! 1985ல் டெல்லியில் ரயில்வே கணினி முன்பதிவு ஆரம்பிச்சதே எழுத்துத் திரையில்தான். கவுன்ட்டர்காரர் கையைக் கவனிச்சிருக்கீங்களா? எலிக்குட்டியைத் தேடி அலையாது. பேர், வயசு, ரயில் நம்பர்னு டகடகன்னு ஓடும்.

நிரல் எழுத இதைவிட சுகமான பொட்டி இல்லை. சிக்கல் தமிழில்தான். லினக்ஸின் வெறும் கன்சோல் ஒரு கட்டத்துக்கு ஒரு குறின்னு வந்த வரிசையிலேயே அடுக்கும். எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள். யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதன் பின்னால் ஒரு உயிர்க்குறியும். அந்தக் குறியை ரெண்டாப் பிரிச்சு ககரத்தின் இரண்டு பக்கமும் நிறுத்த ஒருத்தர் வேணும். கன்சோலில் அந்த ஆள் இல்லை. திஸ்கியில் கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிச்சதால இந்தத் தலைவலி இல்லை. (தேடலுக்கும் அகரவரிசைக்கும் அது பட்ட பாடு தனிக்கதை.)

இத்தனைக்கும் இந்தியாவில் இதுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. ஐஐடி கான்பூரில் பிறந்து, 1988ல் தொடங்கின சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் அட்டை. அதை டாஸ் பொட்டிக்குள்ள செருகினா, வேர்ட்ஸ்டார், டிபேஸ் மாதிரி எழுத்துத்திரை மென்பொருளிலேயே இந்திய மொழிகள் தெரியும். எழுத்தைக் கோர்க்கிற வேலையை அட்டையே பார்த்துக்கும். விண்டோஸ் பரவினதும் தேவை போச்சு, கருப்புத் திரைத் தமிழும் கூடவே போச்சு.

'ஒரே ஒரு டெர்மினலுக்கு மட்டும் கிராபிக்ஸ் போட்டுக்கோயேன்' என்றான் நண்பன். போடலாம். அப்புறம் ஃபயர்பாக்ஸ் வர எத்தனை நாளாகும்? என்னை எனக்குத் தெரியும் :-)

இப்போதைக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறேன். ஓபன்-தமிழ் நிரல்தொகுப்பை வச்சு ஒரு குட்டி நிரல் அதைத் தமிழாக்கும். போனில் திறந்து பார்த்தால்தான் எங்கே ல, எங்கே ள, எங்கே ழ விழுந்திருக்குன்னு தெரியும். எழுதும்போது ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் பார்க்க முடியாதது உறுத்தத்தான் செய்யுது. சொந்த பாஷையை மொழிபெயர்த்து வாங்கிக்கிற மாதிரி இருக்கு.

யார் வீட்டுப் பரணிலாவது ஜிஸ்ட் அட்டை கிடந்தா சொல்லுங்க. லேப்டாப்பில் செருக இடம் கிடையாதுதான். சும்மா ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கணும்.