எங்க வீட்டு 8 மில்லி!

உங்க வீட்டு ஹால் சுவர்ல என்ன மாட்டியிருக்கீங்க? காலண்டர், கல்யாண போட்டோ? எங்க வீட்டுல சல்லடை பாஸ்! அப்பத்தா காலத்துச் சல்லடை.

நமக்கு ஊர் போடிநாயக்கனூர். மலையில விளையுற ஏலக்காய் இங்கேதான் இறங்கும். சுமார் 5 கிலோ பச்சைக்காய் காய்ஞ்சா 1 கிலோதான் தேறும். அதைச் சலிச்சு, வெடிச்சது, கறுத்ததைக் கையால பொறுக்கணும். 8 மில்லிமீட்டர் சல்லடையில நிக்கிற காய்தான் ராஜா. ஏலத்துல அதுக்குத்தான் மவுசு.

அம்மாவுக்கு குடோன்ல பொறுக்குற வேலை. சாயங்காலம் வாசல்லயே முந்தானையை உதறிட்டுத்தான் உள்ளே வருவாங்க. ஒரே ஒரு காய் விழுந்தாலும் மறுநாள் குடோனுக்குத் திரும்பிடும். எங்க டீக்கு, காசு கொடுத்து வாங்கின வெடிச்ச காய்தான்.

வீட்டுல மார்க்கும் அப்படித்தான். சென்ட்டம் வாங்கினா '8 மில்லி'. அரியர் வெச்சா 'வெடிச்ச காய்'!

ஃபர்ஸ்ட் இயர்ல ஃப்ரெண்ட் வீட்டுப் பாயசத்துல ஒரு உருண்ட காய் கிடந்துச்சு. எடுத்து ஓரமா வெச்சு, "இது விக்கிற காய்டா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. என் செமஸ்டர் ஃபீஸ் ஒவ்வொரு காயா பொறுக்கிச் சேர்த்தது.

இந்தப் பக்கத்துல எழுதி வந்த முதல் காசுல, 8 மில்லி காய் 50 கிராம் வாங்கிட்டுப் போனேன். அம்மா உள்ளங்கையில உருட்டிப் பார்த்தாங்க. அப்புறம் டப்பாவுல போட்டு மூடிட்டாங்க.

"விருந்தாளி வந்தா போடலாம்டா."

"அப்ப எனக்கு?"

"மேத்ஸ் அரியரை முடி. போடுறேன்!"