சும்மா கிடக்கிற நிலம்

ஊட்டி போயிருக்கீங்களா? பைன் மரத்துக்கு நடுவுல போட்டோ, தேயிலைத் தோட்டத்துல ரீல்ஸ், வர்ற வழியில கேரட். இது எல்லாமே இருநூறு வருஷத்துக்குள்ள வந்தது. அதுக்கு முன்னாடி நீலகிரியின் உச்சிப் பகுதி பெரும்பாலும் புல்வெளி. மடிப்பான பள்ளங்கள்ல மட்டும் சோலைக்காடு. தோடர்கள் எருமை மேய்ச்ச நிலம் அது.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். பின்னாலேயே உருளைக்கிழங்கும் மற்ற ஐரோப்பியக் காய்கறிகளும் வந்துச்சு. அந்த நிலத்துல தோடர்களுக்கு உரிமை இருக்குன்னு வாதாடினவரும் அதே சல்லிவன்தான். ஆனா அரசாங்கக் கணக்குல புல்வெளி பெரும்பாலும் தரிசாத்தான் தெரிஞ்சது. ஆஸ்திரேலியாவில் இருந்து சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்து நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் நட்டோம்.

அது காலி நிலம்தானா? நீலகிரியின் சதுப்புகள்ல படிஞ்ச கரி மண்ணை எடுத்து, அதுல இருக்கிற கார்பன் ஐசோடோப்பை வெச்சு 1993-ல் ஒரு ஆய்வு வெளியாச்சு. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க புல் பரவியிருந்ததுன்னு அது காட்டுது. காட்டை வெட்டினதால வந்த புல் இல்ல அது.

அந்தப் புல் ஒரு வேலையும் செஞ்சுட்டிருந்தது. புல்வெளி தண்ணியைக் கொஞ்சமாத்தான் குடிக்கும். மிச்சத்தை மண்ணும் சதுப்பும் பஞ்சு மாதிரி பிடிச்சு வெச்சு, மழை நின்ன பிறகும் ஓடைக்குக் கசிய விடும். கிளென்மார்கன்ல பக்கத்துப் பக்கத்து ரெண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒண்ணைப் புல்லாவே விட்டு, இன்னொண்ணுல கற்பூர மரம் வளர்த்து அளந்தாங்க. முதல் சுற்று மரத்துல நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. வெட்டின அடியில இருந்து தழைச்ச ரெண்டாம் சுற்றுல சுமார் 25 சதவீதம். இ.இ.இ. நண்பர்கள் கவனிக்க: 1932-ல் தொடங்கின பைக்காரா மின் நிலையத்துக்கு இந்த மலையோட ஓடைதான் முதலீடு.

காய்கறிக்கு வேற விலை. சரிவை உழுதா மேல்மண் மழையோட இறங்கிடும். திரும்பத் திரும்ப உருளைக்கிழங்கு போட்ட மண்ணுல 1961-ல் நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அதோட பிரச்சனை இன்னும் தீரல. அதுக்காக விவசாயி மேல பழி போட முடியாது. 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து திரும்பின எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த மலைத் தேயிலைதான் சோறு போட்டது.

சரி, சாமல்பட்டிக்கும் ஊட்டிக்கும் என்ன சம்பந்தம்? இங்க பனியும் இல்ல, சதுப்பும் இல்ல. ஆனா அந்த வார்த்தை இருக்கு: 'சும்மாதானே கிடக்கு.' மாந்தோப்பைத் தாண்டி ஆடு மேயற பாறைக்காட்டைப் பார்த்து எல்லாரும் சொல்றது அதைத்தான். இன்னொரு பக்கம், போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர்னு சிப்காட் வந்ததாலதான் இந்த மாவட்டத்துப் பசங்க வேலைக்குப் பக்கத்துலயே போக முடியுது. ஃபைனல் இயர்ல இருக்கிற எனக்கும் அந்த வேலை வேணும். அதனால தொழிற்சாலையே வேண்டாம்னு நான் சொல்லல.

நான் கேட்கிறது ஒண்ணுதான். நாளைக்கு ஒரு சைட் பிளான் உங்க கையில வரும். அதுல வெள்ளையா விட்டிருக்கிற இடத்துல யார் ஆடு மேய்க்கிறாங்க, ஐப்பசி மழைத் தண்ணி எந்த வழியா ஏரிக்குப் போகுதுன்னு ஒரு தடவை நடந்து பாருங்க. நீலகிரியில இப்போ சீகையை வெட்டினாலும் மண்ணுல கிடக்கிற விதை திரும்ப முளைக்குது. புல்லை நர்சரியில வளர்த்து, ஒவ்வொரு கொத்தாக் கையால நட வேண்டியிருக்கு. ஒரு நாள் நடந்து பார்க்கிறது அதைவிட ரொம்பச் சுலபம்.