விடை சரி, வழி தவறு



மகன் வாங்கிக் கொடுத்த உடற்பயிற்சி சைக்கிளில் முதல் மாதம் என் துண்டுதான் காய்ந்தது. பிறகு வீம்பாக ஏறினேன். மலை ஏறுவதுபோல் இருக்கட்டும் என்று திருகை நன்றாக இறுக்கி, தினமும் 20 நிமிடம். திரையில் எண்கள் கூடக் கூட எனக்குப் பெருமை. மூன்றாவது வாரம் வலது முழங்காலின் முன்பக்கம் வலித்தது. பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, சைக்கிளை விற்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் பார்க்க வந்தாள் ஒரு பழைய மாணவி. இப்போது பிசியோதெரபிஸ்ட். "ஏறிக் காட்டுங்க சார்" என்றாள். இரண்டே நிமிடம் பார்த்தாள்.

"சீட் ரொம்பத் தாழ்வா இருக்கு சார். முட்டி எந்நேரமும் மடங்கியே இருந்தா வலிக்காம என்ன செய்யும்?"

குதிகாலைப் பெடலில் வைத்து அது அடியில் நிற்கும்போது கால் நேராகும் அளவுக்கு சீட்டை உயர்த்தினாள். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு மட்டும் மிஞ்சியது.

அடுத்தது கை. நான் கைப்பிடியில் மொத்தமாகச் சாய்ந்திருந்தேன். "நிஜ மேட்டில் சைக்கிளே சாயும், அதனால முன்னால குனிவோம். இது சமதரையில் நிக்குது சார். நீங்க சாய்ஞ்சா பாரம் மணிக்கட்டுக்குத்தான் போகும்." இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, முதுகு வளையாமல், விரல்கள் ஆர்மோனியம் வாசிக்கும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டுமாம். முட்டி பாதத்துக்கு நேராகவே போய்வர வேண்டும். எழுந்து மிதிப்பதானால் முதலில் திருகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கால் சட்டென்று கீழே போகும். எழுந்தாலும் பாரம் பாதத்தில்தான், இடுப்பு சீட்டை விட்டு முன்னால் ஓடக்கூடாது. நிமிடத்துக்கு 60 சுற்றுகூட வரவில்லையென்றால் திருகு அதிகம் என்று அர்த்தம்.

கடைசியில் சிரித்தாள். "விடை சரி, வழி தவறுன்னு எனக்குப் பாதி மார்க் போட்டீங்களே சார், ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது அம்மா. இன்று எனக்கு அந்தப் பாதிகூடக் கிடையாது.

ஆறு வாரம் ஆயிற்று. திருகைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். எண்களும் குறைவுதான். நேற்று பேரனைத் தூக்கிக்கொண்டு கைப்பிடியைத் தொடாமல் மாடி இறங்கினேன்.

உங்கள் வீட்டு சைக்கிளிலும் துண்டு காய்ந்தால், எடுத்துவிட்டு முதலில் சீட்டைப் பாருங்கள். வலி இருந்தால், வயதின்மேல் பழி போடுமுன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்