பிழைத்தவள்

2019 ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை. வேலை முடிந்து வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போது தரம் 9 இல் படித்துக்கொண்டிருந்த மகள் தமிழ்க் கொப்பியுடன் வந்தாள். ‘தவறு’ என்பதற்கு ஒத்தகருத்துச் சொற்கள் எழுதிவரும்படி ரீச்சர் சொல்லியிருந்தாராம்.

“பிழை, தப்பு, குற்றம், வழு, பிசகு” என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் எழுதவில்லை.

“அம்மா, தடம் புரண்டவள் எண்டால் என்ன?”

“ஆர் பிள்ளை அப்பிடிச் சொன்னது?”

“கடையில நிண்டவை கதைச்சவை. உங்களைத்தான்.”

எனக்குப் பதில் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

2009 ஏப்ரலில், கஞ்சி வாங்கப் போன இடத்தில் செல் விழுந்து எனது கணவர் இறந்தார். மகளுக்கு அப்போது நான்கு வயது. முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய பின் மா இடித்து விற்றேன், கூலிக்குக் களை பிடுங்கினேன். எதுவும் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தேன். காற்சட்டை அணிய வேண்டும். விடியமுன் வரும் வாகனத்தில் ஆண்களோடு சேர்ந்து போகவேண்டும். ஊர் கதைப்பதற்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. ‘வழி தவறினவள்’, ‘நடத்தை பிசகினவள்’, இப்போது ‘தடம் புரண்டவள்’. குடித்துவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடக்கும் ஆணைப் பார்த்து, “பாவம், கவலையில குடிக்கிறான்” என்றுதான் இதே ஊர் சொல்லும்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று மாமியிடம் கேட்டேன். “விட்டிட்டு? கதைக்கிறவை நாளைக்கு அரிசி கொண்டந்து தருவினமே? பேசாமல் படு, விடியப் போகவேணும்” என்றார் மாமி.

அடுத்த நாள் வழமைபோல முகக்கவசம் போட்டுக்கொண்டு நிலத்தில் முழந்தாளிட்டேன். எங்களுக்கென்று ஒரு மீற்றர் அளவு அகலத்தில் ஒரு பாதை இருக்கும். பக்கங்களில் அடையாளத் தடிகள். அந்தத் தடிகளுக்கு அப்பால் ஒரு அடி வைத்தாலும் கால் போகலாம், உயிரும் போகலாம். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிப் பார்த்து அங்குலம் அங்குலமாகத்தான் முன்னேற வேண்டும். அந்த எல்லையை நான் ஒரு நாளும் தாண்டியதில்லை. வழி தவறினால் என்ன நடக்கும் என்று கடையில் நின்று கதைத்தவர்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

மாலையில் மகளைக் கூப்பிட்டு இருத்தினேன்.

“தடம் புரளுறது றெயிலுக்குச் சொல்லுற சொல் பிள்ளை. யாழ்ப்பாணத்துக்கு வந்த றெயில் 1990 இல நிண்டுபோச்சு. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையளையும் பிடுங்கிப் பங்கர் கட்டினவை. புதுசாப் பாதை போட்டு, 2014 ஒக்ரோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. தண்டவாளமே இல்லாத இடத்தில றெயில் தடத்தில ஓடேல்லை எண்டு ஆரும் குறை சொல்லுவினமே? எங்கட தடத்தையும் சண்டை பிடுங்கிப் போட்டுது. நான் புதுசா ஒரு தடம் போட்டுத்தான் உன்னைக் கொண்டு போறன்.”

அவள் கொப்பியைத் திறந்தாள். முதற் சொல் ‘பிழை’. அதைப் பார்த்ததும் பங்கருக்குள் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு நாள் எங்களுக்கு நேரே வந்த செல் சற்றுத் தள்ளி விழுந்தது. அதன் குறி பிழைத்தது, நாங்கள் பிழைத்தோம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘தப்பு’ என்றாலும் குற்றம். ‘தப்பினோம்’ என்றால் உயிரோடு இருக்கிறோம். அருந்தப்பில் தப்பியவர்கள் அல்லவா நாங்கள் எல்லோரும்? மகள் இரண்டு கருத்தையும் எழுதிக்கொண்டு போனாள். ரீச்சர் சரி போட்டிருந்தார்.

சகோதரிகளே, இதோடு முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2009 இல் மெனிக் பாம் முகாமில் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இளம் பெண் இருந்தாள். அடிக்கடி முட்கம்பி வேலிக்கரையில் நின்று காவலில் நிற்பவர்களோடு கதைப்பாள். தண்ணீர் வரிசையில் நின்ற பெண்களிடம், “அவள் கெட்டுப்போனாள்” என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, பிரிந்துபோன தம்பி எந்த முகாமில் இருக்கிறான் என்று அவள் விசாரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க முதல் அவளை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்து வருடம் கழித்து அதே மாதிரியான சொல் என் மகளின் வாயால் என்னிடம் திரும்பி வந்தது. அன்று கடையில் கதைத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் என்னைப்போல் எதையோ இழந்தவர்கள்தான்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு பெண்ணைப் பற்றி என் முன்னால் அப்படிச் சொன்னால் ஒன்று மட்டும் கேட்பேன்: “அவளுக்கு வேறை வழி இருந்ததோ எண்டு கேட்டனீங்களோ?” அநேகமாகக் கதை அதோடு நின்றுவிடும். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.