நெருஞ்சிப் பூ

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பூவோடு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். துடியலூர்ப் பக்கம் மண்தடத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தப் பூவை அறிமுகப்படுத்தவே வேண்டாம். டியூபைப் பதம் பார்க்கிற அதே நெருஞ்சிதான்!

ஒரு மழை போதும், காய்ந்த கரட்டிலும் முளைத்துவிடும். தரையோடு படர்ந்து, ஐந்து இதழில் மஞ்சளாய்ப் பூக்கும். பூ சூரியனைப் பார்த்தே நிற்பதை மோசிகீரனார் புறநானூற்றிலேயே சொல்லிவிட்டார். கண்ணுக்கு இனிய பூ பிறகு முள்ளாவதைக் குறுந்தொகையில் தலைவனின் மாறிய மனதுக்கு உவமையாக்கினார் அள்ளூர் நன்முல்லை.

நம்ம பாடம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. காய்ந்த காய் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொன்றிலும் பெரிய முள் இரண்டு, சிறியது இரண்டு. எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு முள் மேலே பார்க்கும். டிராயிங் ஹாலில் இதற்கு மூன்று வியூ போடச் சொன்னால் பாதி வகுப்புக்கு அரியர்தான்! குதிரைப் படையைத் தடுக்க இதே மாதிரி இரும்பு முள் செய்து தரையில் இறைத்தார்கள். அந்த ஆயுதத்துக்கும் முட்செடிக்கும் கிரேக்கத்தில் ஒரே பெயர். லின்னேயஸ் 1753-ல் வைத்த ‘ட்ரிபுலஸ்’ அதிலிருந்து வந்தது. அமெரிக்காவில் இதற்குப் பெயரே ‘பங்சர் கொடி’. தொல்லை தாங்காமல் 1961-ல் இத்தாலியிலிருந்து வண்டு கொண்டுவந்து விட்டார்கள்.

ஆனால் யாரையும் குத்த வேண்டுமென்று அதற்கு ஆசையில்லை. முள்தான் அதற்கு பஸ். ஆட்டுக்குளம்பு, செருப்பு, டயர், எதில் ஏறினாலும் விதை ஊர் போய்ச் சேரும்.

எங்க அப்பாரு ஆடு மேய்த்த சோளக்காடு இப்போது சைட். அக்கா கல்யாணமும் என் டிப்ளமோ ஃபீசும் அந்தக் காட்டை விற்ற பணம். அதனால் விற்றது தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. போன ஐப்பசி மழைக்குப் பின் அப்பாருவும் நானும் அந்த வழியாக வந்தோம். எல்லைக் கல்லைச் சுற்றி ஒரே மஞ்சள்! ஒரு துண்டுக்குள் இருக்கும் விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைப்பதில்லை. மிச்சம் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். லேஅவுட் போட்டவர்கள் அதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

அப்பாரு குனிந்து நாலு செடியை வேரோடு பிடுங்கித் துண்டில் முடிந்தார். ஆத்தாவுக்கு நீர்க்கடுப்பு, கஷாயத்துக்கு.

“ரோட்டோரமே கெடைக்குமுங்களே அப்பாரு” என்றேன்.

“கெடைக்கும் கண்ணு. இது நம்ம காட்டுது” என்றார்.